தை மாதத்துக் கொங்கிறீட்

பிள்ளை, உன்னுடைய மஞ்சள் போர்வை தொலைந்து போகவில்லை. பன்னிரண்டு வயதில் நீ அதை வீடு முழுக்கத் தேடினாய். கடைசியில் தோய்க்கக் கொடுத்த கடையில்தான் போய்விட்டது என்று நம்பி, அந்தக் கடைக்காரரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். பாவம் அந்த மனிதர், அவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எடுத்தவன் நான். எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் அன்று காலை கொட்டிய கொங்கிறீட்டுக்குப் போர்த்திவிட்டேன். அம்மாவின் பெரிய போர்வை, என் பழைய கோட், விருந்தாளிகளுக்கென்று பெட்டியில் பூட்டி வைத்திருந்த கம்பளி எல்லாம் அங்கேதான் கிடந்தன. நாலு நாள் நாம் மூன்று பேரும் ஜாக்கெட்டோடு படுத்தோம், கொங்கிறீட் மட்டும் மெத்தென்று படுத்திருந்தது. மற்றவை சீமெந்துக் கறையோடு திரும்பி வந்தன. உன்னுடையது ஒட்டிப்போய், இழுத்தபோது பாதிதான் கையோடு வந்தது. மற்றப் பாதி சுவருக்கு அடியில் இருக்கிறது. அந்த வீட்டை விற்கிற நாளில் வாங்குகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்பாய். பத்து நாளுக்கு முன் நீ டெலிபோனில் கேட்ட கேள்விதான் காரணம். "அப்பா, அருணின்ரை அம்மாவும் எங்கட அம்மாவும் ஐயரிட்டைப் போய் நாள் எடுத்திட்டினம். தையிலை, விடிய ஆறேமுக்காலுக்கு. அத்திவாரம் நீங்கள்தான் போடோணும். ஏலும்தானே?" என்றாய். "உனக்கு ஏலாதெண்டு சொல்லுவனே பிள்ளை?" என்றேன். "ப்ரொமிஸ்? பிறகு கதை மாத்தக்கூடாது." "நான் எப்ப கதை மாத்தினனான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தக் கேள்விக்கு உள்ள பதில் கொஞ்சம் நீளம். டெலிபோனில் சொல்லப் போனால் இடையில் ஒரு பகிடி விட்டு நழுவிவிடுவேன், அது எனக்குக் கைவந்த கலை. கடதாசியில் நழுவ இடமில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற கை இது, மூன்று நாளாக எழுதுகிறேன். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அழுது அழுது படித்தது இன்றைக்காவது உதவட்டும். வாசித்த பிறகு யாருக்கும் காட்டலாம். இந்த ஊரில் களிமண்ணில் வீடு வாங்கிவிட்டுத் தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் சனம் கனபேர்.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வட லண்டனில் உன் எட்மண்டன் வீட்டின் பின்னறைக்கு நான் அத்திவாரம் போட ஆசைப்படுகிறேன். இந்த வருடம் வைகாசியில் நடந்திருக்க வேண்டிய உன் கலியாணத்தை, ஊரிலிருந்து வந்த செய்தியோடு தள்ளி வைத்தோம், ஏன் என்று நம்மில் யாரும் யாருக்கும் எழுதத் தேவையில்லை. அந்த மாதம் முழுக்க உன் அம்மா அடுப்பை மூட்டியதே குறைவு. அப்படிப்பட்டவள் இப்போது ஐயரைத் தேடிப் போய் நாள் கேட்கிறாள் என்றால், எதையாவது தொடங்க வேண்டும் என்று அவளுக்கு மனம் வந்திருக்கிறது. அருணின் அம்மாவும் பார்க்கிங் என்கிற ஊரில் மூன்றாம் மாடி வீட்டுக்கு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி படியாக ஏறுகிறா. கீழே ஒரு அறை கிடைத்தால் ஆனியில் கலியாணத்தோடு வந்து இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறா. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் கடைசியாக நல்ல நேரம் பார்த்துக் கொட்டிய கொங்கிறீட் எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்தால், இந்த மனிதரின் கை என் வீட்டில் படவே வேண்டாம் என்று நீ சொல்லக்கூடும். சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. சொல்லாமல் மறைத்துக் கையை வைக்கத்தான் எனக்கு உரிமை இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை. விம்பிள்டன் வீட்டின் பின்னால் உனக்குப் படிக்க ஒரு அறை கட்டத் தொடங்கினேன். நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை, அதுதான் வெட்கம். லண்டனுக்கு வருமுன் ஐந்து வருடம் ஜெர்மனியில் கட்டட வேலை. அங்கே எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். மாரியில் ஒவ்வொரு காலையும் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையை நிலத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர் எலும்பு வரைக்கும் ஏறினால், "இன்று கொங்கிறீட் இல்லை, போய்க் கோப்பி குடியுங்கள்" என்பார். கொங்கிறீட் இறுகுவது தண்ணீரால். தண்ணீர் இறுகுமுன் உறைந்தால் உள்ளே ஐஸ் பருத்து எல்லாவற்றையும் பிரித்துவிடும், வெயில் பட்டதும் பிட்டு மாதிரி உதிரும். களிமண்ணோ இன்னொரு சாதி. கோடையில் காய்ந்து சுருங்கும், மாரியில் தண்ணீர் குடித்துப் பருக்கும். பக்கத்தில் மரம் நின்றால் அதன் வேர் கோடையில் மிச்சத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். ஆகவே மரத்துக்குக் கிட்டப் போகப் போக ஆழமாகத் தோண்ட வேண்டும், மண் ஆடாத இடம் வரைக்கும். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும்.

கவுன்சிலிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் நான் தோண்டியிருந்த பாதியைப் பார்த்தார். நெஞ்சளவு ஆழம், நேரான சுவர், என்னை மெச்சினார். "இதே ஆழத்தில் கடைசி மூலை வரைக்கும் போ, அந்த மரத்தடியில் இன்னும் கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டு என்னை நம்பிப் போனார். அந்தக் கடைசி மூலை, பக்கத்து வீட்டு மைக்கலின் பியர்ப் பழ மரத்துக்கு நேர் கீழே இருந்தது. மைக்கலை உனக்கு நினைவிருக்கும், அயர்லாந்துக்காரர், வாழ்நாள் முழுக்க லண்டனில் கிடங்கு தோண்டிவிட்டு ஓய்வெடுத்தவர். மழை பெய்து களிமண் மண்வெட்டியை விடாமல் பிடித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சண்டை. புதன்கிழமை பொழுது படும்போது அந்த மூலையில் இடுப்பளவில் நின்றேன். நல்ல நேரம் வியாழன் விடியற்காலை. இன்னும் ஒரு நாள் தோண்ட வேண்டும், ஆனால் அடுத்த நல்ல நாளுக்கு மூன்று கிழமை பொறுக்க வேண்டும். நிலத்துக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். கடவுளுக்கு நேரம் தவறக்கூடாது என்று பார்த்தவன், அந்தக் கடவுளுக்கு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன்.

விடிய எழும்பினால் புல்லெல்லாம் வெள்ளை. கொங்கிறீட் கொண்டுவரும் லொறிக்காரர்கள், இந்தக் குளிருக்கு வரமாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் விட்டேனா? கலக்கும் மிஷினை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன். வெளிக்குழாய் உறைந்துவிட்டது. உன் அம்மா குசினியில் இடியப்பச் சட்டி முதல் பால் சட்டி வரைக்கும் தண்ணீர் கொதிக்க வைத்துத் தந்தாள். உதவிக்கு வந்த சிவம் அண்ணை, என்னோடு ஜெர்மனியிலிருந்து வந்த கூட்டாளி, மூக்கு நுனி சிவந்துபோய் நின்றார். "தம்பி, தை பிறந்தால் வழி பிறக்குமெண்டு சொன்னவன் இந்த ஊர் தையைப் பாத்திருக்கமாட்டான்" என்றார். "கதையை விட்டிட்டு மண்ணை அள்ளுங்கோ அண்ணை, நேரம் போகுது" என்றேன். வேலிக்கு மேலால் மைக்கல் தலையை நீட்டி, இன்றைக்கு வேண்டாம், அந்த மூலையின் ஆழமும் காணாது என்றார். எங்கள் சம்பிரதாயம் உமக்கு விளங்காது என்ற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டேன். ஐயர் பூ, பால், நவதானியம் எல்லாம் போட்டு மந்திரம் சொன்னார், வாயிலிருந்து புகைதான் வந்தது. சரியாக ஆறு ஐம்பதுக்கு முதல் தள்ளுவண்டில் கொங்கிறீட்டைக் கொட்டினேன். அன்று முழுக்க நான் கையுறையைக் கழற்றவில்லை. கழற்றி நிலத்தில் கை வைத்திருந்தால் என்ன சொல்லும் என்று தெரிந்துதான் கழற்றவில்லை.

பகலிலும் புல்லில் வெள்ளை கரையாததைக் கண்டு பயந்து, நான் போர்வைகளை அள்ளிக்கொண்டு ஓடியது அதன் பிறகு. போர்வைகள் பெரும்பகுதியைக் காப்பாற்றின. ஓரத்தில் உதிர்ந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அறை எழும்பியது. நீ மேசையைக் கொண்டுபோய் வைத்தாய். நானும் மறந்துவிட்டேன். மூன்றாவது கோடையில் மழையே இல்லை, பியர் மரம் குடித்தது, மண் சுருங்கியது, நான் இடுப்பளவில் விட்ட மூலை மெல்ல இறங்கியது. கதவு நிலை சரிந்து, உன் அறைக் கதவு சாத்துப்படாமல் போனது. மாரி வந்தால் மண் பருத்துக் கொஞ்சம் சரியாகும். கோடையில் மறுபடி இறுகும்.

இனி எழுதப் போவதைத்தான் மூன்று நாளாகத் தள்ளிப் போட்டேன். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். யாரோ, "என்ன, புதுக்கதவு சாத்துப்படுதில்லை?" என்று கேட்டார்கள். கட்டினவன் நான். வாயில் வந்தது என்ன தெரியுமா? "இவள் அடிச்சு அடிச்சுச் சாத்தினால் நிலை பேராமல் என்ன செய்யும்?" எல்லோரும் சிரித்தார்கள். நீ சிவந்துபோய், "நான் அடிக்கேல்லை அப்பா" என்றாய். "அப்ப பேயே அடிச்சது?" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகு நாலு வருடம், பரீட்சைக்குப் படித்த காலம் முழுக்க, நீ அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரிச் சாத்தினாய். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாளும், "பிள்ளை, அது உன் பிழை இல்லை" என்று சொல்லவில்லை.

நீ லெஸ்டருக்குப் படிக்கப் போன பிறகு, அடுத்த வசந்தத்தில், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மைக்கலின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர், நான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். சுவருக்கு அடியில் மூன்றடி தோண்டு, கொங்கிறீட் போடு, இறுகட்டும், பிறகு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த மூன்றடி, ஒரே நாளில் எல்லாம் தோண்டினால் சுவர் உன் தலையில் என்றார். சிவம் அண்ணையும் நானும் ஆறு கிழமை எலி மாதிரிச் சுவருக்குக் கீழே கிடந்தோம். இந்த முறை ஆழம் என் மூக்குக்கு வந்தது. நாள் பார்க்கவில்லை, கை வைத்துத்தான் பார்த்தேன். அந்தக் கோடையில் நீ விடுமுறைக்கு வந்தாய். கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினாய், அது வெண்ணெய் மாதிரிச் சாத்துப்பட்டது. ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாத்தியே, யூனிவேர்சிற்றிக்குப் போன பிறகுதான் உனக்குக் கதவு சாத்தத் தெரிஞ்சிருக்கு" என்றேன். நீ சிரித்தாய். நானும் கெட்டிக்காரன் மாதிரிச் சிரித்தேன்.

போன மாதம் உன் புது வீட்டுக்கு வந்தபோது, அருண் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு போனான். நீ பின்னால் வந்து ஒவ்வொரு கதவாகச் சாத்தினாய். இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் தூக்கி. உன் வீட்டுக் கதவுகள் எல்லாம் நன்றாகத்தான் சாத்துப்படுகின்றன, பிள்ளை. அருண் அதைக் கவனித்துவிட்டு, "ஏன் இவ கதவுக்கு மசாஜ் செய்யிறா?" என்று பகிடி விட்டான். எல்லாவற்றுக்கும் முதலில் பகிடி விடுகிற எனக்கு அன்று ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அது உன் பிழை இல்லை. ஒரு நாளும் இல்லை. பத்து வருடம் பிந்திச் சொல்கிறேன், மன்னித்துக்கொள். இனி அந்த வீட்டில் கோபம் வந்தால் ஒரு கதவையாவது நன்றாக அடித்துச் சாத்து. எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அருணுக்கும் பழகட்டும்.

இதைக் கடிதத்தில் எழுதுமுன் உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த மூலையை நான் இடுப்பளவோடு விட்டவன் என்றேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "தெரியும்" என்றாள். "எப்பிடித் தெரியும்?" "கதவு இறுகின அந்தக் கோடையே மைக்கல் சொன்னவர். நீங்கள் எப்ப வாய் திறக்கிறியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்." "பத்து வருசமாவோ?" "இஞ்சேருங்கோ, உங்களோடை இருக்கிறதுக்கு வேறை பொழுதுபோக்கு என்ன இருக்கு எனக்கு?" பிறகு கத்தியை வைத்துவிட்டு, "அவளுக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லி என்ன, கதவு சாத்தினது அவள்" என்றாள். கலியாணத்துக்கு முன் உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். உங்கள் வீட்டில் எதுவாவது சரிந்தால், அது அவன் பிழையா உன் பிழையா என்று அந்தப் பகலிலேயே பேசி முடியுங்கள். என்னைப் போல் மனிசியை வெங்காயத்தோடு பத்து வருடம் காக்க வைக்காதே. அவளைப் போலப் பொறுத்துக்கொண்டும் இராதே.

சரி, இப்போது தைக்கு வருவோம். நாளை மாற்ற வேண்டாம். உன் அம்மாவும் அருணின் அம்மாவும் ஆசைப்பட்டு எடுத்த நாள், அதைத் தொட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. ஐயரிடம் நேற்று முன்தினம் போய்க் கேட்டேன். "ஐயா, நல்ல நேரம் கல்லுக்கோ, கொங்கிறீட்டுக்கோ?" சிரித்துவிட்டு, "கல்லுக்குத்தான். கொங்கிறீட்டுக்குச் சாத்திரத்திலை ஒண்டும் இல்லை. அதுக்கு நீர் வெதர் பாரும்" என்றார். இதை அன்றைக்கே கேட்டிருந்தால் உன் போர்வை முழுதாக இருந்திருக்கும். ஆகவே தையில் ஆறேமுக்காலுக்கு ஒரு கல்லை வைப்போம், பால் ஊற்றுவோம், தேங்காய் உடைப்போம், உள்ளே போய் இட்டலி சாப்பிடுவோம். கொங்கிறீட் பங்குனியில். நானே காலையில் வெறும் கையை நிலத்தில் வைத்துப் பார்ப்பேன், நீயும் வைத்துப் பார், உன் கைக்கும் சரி என்றால்தான் லொறிக்குச் சொல்வோம். அருண் கம்ப்யூட்டரில் பார்த்து, குளிருக்குப் போடுகிற மருந்து இருக்கிறது, தையிலேயே போடலாம் என்கிறான். இருக்கிறது, நல்ல மருந்துதான். ஆனால் மருந்து இருக்கிறது என்பதற்காக வேண்டுமென்று காய்ச்சல் பிடிப்பாரும் உண்டோ என்று மாப்பிள்ளையைக் கேள். ஆனிக்கு முன் கூரை ஏறிவிடும். சுவர்ப் பூச்சு முழுக்கக் காயாவிட்டாலும் அருணின் அம்மா படி ஏறாமல் நித்திரை கொள்வா, அதற்கு நான் பொறுப்பு.

இவ்வளவும் வாசித்த பிறகும் நான்தான் செய்ய வேண்டும் என்றால், நீ தந்த பின்வாசல் பூட்டுத் திறப்பை என்னிடமே விட்டு வை. வேண்டாம் என்றால் திருப்பிக் கேள், ஒரு சொல் கோபப்படமாட்டேன். மைக்கல் இப்போது தங்கச்சியோடு அயர்லாந்தில் இருக்கிறார், அவரிடம் கேட்டு ஒரு நல்ல ஆளைப் பிடித்துத் தருவேன். நீ எந்த முடிவு எடுத்தாலும் ஆழம் எவ்வளவு வேண்டும் என்று நிலத்தைத் திறந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் நேற்று நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு வந்து, பக்கத்து வீட்டு வில்லோ மரத்துக்குக் கிட்ட ஒரு குழி தோண்டினேன். இடுப்பளவில் வேர் விரல் பருமன். நெஞ்சளவில் நூல் மாதிரி. அந்த நூலும் முடிகிற இடத்துக்கு இன்னும் போக வேண்டும், அதை இன்ஸ்பெக்டரே பார்க்கட்டும் என்று மூடாமல், சுற்றிவர நாலு பலகை வைத்துவிட்டு வந்தேன். நீயும் போய்ப் பார். இந்த முறை எல்லோரும் பார்க்கிற மாதிரித்தான் தோண்டியிருக்கிறேன்.

அடியில் தண்ணீர் ஊறிக் களிமண் இளகியிருந்தது. ஏறும்போது வலது கால் வந்தது. இடது காலும் வந்தது. இடது கால் றப்பர் சப்பாத்து வரவில்லை. மண்வெட்டியால் கிளறினேன், ஓரத்து மண் சரிந்து அதன் மேல் விழுந்தது. என் வான் திருத்தக் கொடுத்துக் கராஜில் நின்றபடியால் மூன்று ரயில் மாறித்தான் விம்பிள்டனுக்கு வர வேண்டியிருந்தது. உங்கள் பின்வாசலில் இருந்த செருப்புகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். அது அருணின் அம்மா அங்கே வந்தால் போடுகிறது, ஊதா நிறம், மேலே ஒரு பூ. செவன் சிஸ்டர்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது ஒரு பிள்ளை எழும்பி எனக்கு இடம் தந்தாள், நன்றி சொல்லிவிட்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். குழியில் ஒரு சப்பாத்து இருக்கிறது என்றும், அது பத்தாம் நம்பர் என்றும், உள்ளே ஆள் இல்லை என்றும் அவருக்கு முதலே சொல்லிவிடு.